கவுட்டும் சாப்பாட்டுப் பழியும்



வார்டில் கவுட் வலியோடு படுத்திருந்தவரைப் பார்த்துவிட்டு, "வாயைக் கட்டாததால் வந்ததுதானே, ஐயா?" என்று கேட்டாயே தம்பி, அதற்குத்தான் இந்தக் கடிதம். மருத்துவம் படிப்பவன் வாயிலிருந்தே இது வந்தால் ஊராரைக் குறை சொல்லி என்ன பயன்?

முதலில் கணக்கு. அமெரிக்காவின் 2015-16 தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்தோரில் 3.9 சதவீதம் பேருக்கு, ஏறத்தாழ 92 லட்சம் பேருக்கு, கவுட் இருந்தது. கவுட்டை உண்டாக்கும் யூரிக் அமிலம் மிகுந்தவர்களோ ஐந்தில் ஒருவர்! பெரும்பாலோருக்கு அமிலம் கூடியும் மூட்டு வீங்கவில்லை. பரிசோதனைத் தாளில் யூரிக் அமிலம் 7.5 என்று கண்டதும் "கவுட்" என்று முத்திரை குத்துவது தவறு.

இத்தனை பேருக்கு ஏன்? யூரிக் அமிலத்தைச் சிதைக்கும் யூரிகேஸ் நொதி பெரும்பாலான பாலூட்டிகளுக்கு உண்டு. மனிதனும் வாலில்லாக் குரங்குகளும் அதை ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே இழந்துவிட்டன. டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் படிகம் உண்டாக வாய்ப்புண்டு. நம்மில் பலர் அந்த விளிம்பிலேயே வாழ்கிறோம். அந்த அமிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். பெரும்பாலான நோயாளிகளிடம் குறை அங்கேதான்.

1683இல் கவுட்டைப் பற்றி நூல் எழுதிய தாமஸ் சிடனாம், தானே அந்த நோயில் பல்லாண்டு துடித்த மருத்துவர். அவசியம் படி. ஆனால் செல்வந்தர் நோய் என்ற அந்தக் காலத்துப் பார்வையை அங்கேயே விட்டுவிட்டு வா.

நியூசிலாந்தைப் பார். மாவோரி மக்களிடமும் பசிபிக் தீவு மக்களிடமும் கவுட் மிக அதிகம்; பசிபிக் தீவு மக்களின் முதிய ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் உண்டு. அவர்கள் செல்வந்தர்களா? சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும் மரபணு வேறுபாடுகள் அவர்களிடம் கூடுதல். அப்படி வந்த நோயையும் உணவுக் குற்றமாகப் பேசிப் பேசியே பலரை வெட்கப்பட வைத்தார்கள். வெட்கப்பட்டவர் மருத்துவரிடம் தாமதமாகத்தான் போவார். யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தொடர்ந்து பெறுவதிலும் இந்த மக்களே பின்தங்கியிருக்கிறார்கள். இது அநியாயம்.

ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களை ஆராய்ந்த 2018 ஆய்வு ஒன்றில், யூரிக் அமில ஏற்றத்தாழ்வில் உணவு முறையின் பங்கு 0.3 சதவீதத்துக்கும் குறைவு. பொதுவான மரபணு வேறுபாடுகளின் பங்கோ சுமார் 24 சதவீதம். பீர் வலியைக் கிளப்பும், மறுக்கவில்லை. ஆனால் கிளப்புவது வேறு, காரணம் வேறு.

நாளை அந்த நோயாளியிடம் போ. குடும்பத்தில் யாருக்கு இருந்தது, சிறுநீரகம் எப்படி, நீர் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று கேள். என்ன சாப்பிட்டார் என்பதைக் கடைசியில் கேட்கலாம்.