பழைய இயந்திரத்தின் புகைக்கு என்ன விலை?

தண்ணீர் இறைக்கும் பழைய இயந்திரத்தை உடைத்துப் போட்டால் புதியது வாங்க அரசாங்கம் பணம் தரும் என்று யாராவது சொன்னால் நாம் நம்பமாட்டோம். ஆனால் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அப்படியொரு மானியம் 1998ஆம் ஆண்டு தொடங்கியது. தூரத்து நாட்டுச் செய்தி எமக்கு எதற்கு என்று கேட்கலாம். இடம்பெயர்ந்த இடத்திலும் மீளக்குடியமர்ந்த இடத்திலும் எம்மிடமும் மானியப் படிவங்கள் வருகின்றன. கொடுப்பவர் எதைக் கணக்கில் எடுக்கிறார் என்று தெரியாமலே கையெழுத்து வைக்கிறோம். அந்தக் கணக்கைப் படிப்பதற்கு இது நல்ல உதாரணம்.

கலிபோர்னியாவின் நடுவே சான் வாக்கின் பள்ளத்தாக்கு இருக்கிறது. திராட்சை, பாதாம், தக்காளி, பருத்தி எல்லாம் விளையும் பெரிய கமப் பிரதேசம். மழை குறைவு, இறைப்பு இல்லாமல் அங்கே கமம் இல்லை. கிழக்கிலும் மேற்கிலும் தெற்கிலும் மலைகள் நிற்பதால் எழும் புகை வெளியேற வழியில்லாமல் தங்கிவிடுகிறது. பாரவண்டிகள், தொழிற்சாலைகள், உழவு இயந்திரங்கள், இரவு பகலாக ஓடும் டீசல் இறைப்பு இயந்திரங்கள் எல்லாம் அந்தப் புகைக்குக் காரணம். டீசல் புகையில் உள்ள நைதரசன் ஒட்சைட்டுகள் வெயிலில் வேறு ஆவிகளோடு சேர்ந்து ஓசோன் ஆகின்றன. உயரத்தில் எம்மைக் காக்கும் அதே ஓசோன் நிலத்தருகே மூச்சுக்கு நஞ்சு. தொய்வு உள்ளவருக்கு அது பெரும் துன்பம். கரித் துணிக்கைகள் நுரையீரலின் ஆழம்வரை போகின்றன. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2012இல் அறிவித்தது. முதலில் அதைச் சுவாசிப்பவர் இயந்திரத்தின் அருகே நிற்பவர்தான்.

புகையைக் குறைக்கச் சட்டம் மட்டும் போதவில்லை. புதிய இயந்திரங்களுக்குக் கட்டுப்பாடு வந்தாலும் பழைய டீசல் இயந்திரம் இருபது முப்பது வருடம் உழைக்கும். அதனால் 1998இல் மாநில அரசு முதற்கட்டமாக 2.5 கோடி டொலர் ஒதுக்கியது. 1997இல் காலமான கார்ல் மோயர் என்ற அறிஞரின் பெயர் அத்திட்டத்துக்கு வைக்கப்பட்டது. பிற்காலத்தில் புதிய டயர் வாங்குவோரிடமும் வாகன உரிமையாளரிடமும் அறவிடும் சிறு கட்டணங்களிலிருந்தும் பணம் வந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். இங்கே பார்க்கப்படுவது கமக்காரரின் வறுமை அல்ல, எழாமற்போகும் புகை. விளக்கத்துக்காக முழு எண்களை எடுப்போம். 100 குதிரைவலு இயந்திரம் ஒன்று தன் வலுவில் 65 வீதத்தைப் பயன்படுத்தி வருடத்தில் 2,000 மணித்தியாலம் ஓடுகிறது. பழையது ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு 10 கிராம் நைதரசன் ஒட்சைட்டைக் கக்கும். புதியது 3 கிராம். வித்தியாசம் 7 கிராம். நூறை 0.65ஆலும், 2,000ஆலும், 7ஆலும் பெருக்கினால் 910 கிலோ. அமெரிக்கத் தொன் சுமார் 907 கிலோ; ஆகவே வருடத்துக்கு ஒரு தொன் மிச்சம். அந்த ஒரு தொன்னுக்குத்தான் அரசு விலை பேசுகிறது. 2005ஆம் ஆண்டின் விதிகளில் தொன் ஒன்றுக்கு உச்சவரம்பு 14,300 டொலர்.

இதே இயந்திரம் 500 மணித்தியாலம் மட்டும் ஓடினால்? மிச்சம் 227 கிலோ, பெறுமதியும் காற்பங்காகிவிடும். அதிக நிலமும் அதிக இறைப்பும் உள்ளவருக்கு இக்கணக்கு இலகு. சிறு தோட்டக்காரருக்கு அது நீதியான கணக்கு என்று நாம் சொல்லமாட்டோம்.

நிபந்தனைகளும் இறுக்கமானவை. சட்டம் ஏற்கெனவே கட்டாயப்படுத்திய மாற்றத்துக்குப் பணம் இல்லை. அதற்கு மேலாகவோ அதற்கு முன்பாகவோ குறைப்பவருக்கே உண்டு. கலிபோர்னியாவில் நெடுங்காலமாகக் கமத்தொழிலுக்கு வளி மாசு அனுமதிப் பத்திரம் தேவைப்படவில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டம் அந்த விலக்கை நீக்கியது. சட்டம் வரும்வரை காத்திருப்பவர் தன் பணத்தில் மாற்றவேண்டிவரும். ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன் அவசரப்பட்டுப் புதியதை வாங்கினாலும் மானியம் போய்விடும். முழு விலையும் கிடைக்காது; மீதியை உரிமையாளர் போடவேண்டும். பழையதை விற்கவும் கூடாது. விற்றால் அதே புகை அடுத்த ஊரில் எழும் அல்லவா? அதனால் இயந்திரத்தின் உடலில் துளையிட்டு, இனி ஒருபோதும் இயங்காது என்பதை அதிகாரி பார்த்து உறுதிசெய்யவேண்டும். நல்ல இரும்பு வீணாகிறதே என்று எமக்குத் தோன்றும். ஆனால் அந்தத் துளை இல்லாவிட்டால் கணக்கு முழுவதும் பொய்.

சிறியவர்கள் பின்தங்குவது பிற்காலத்தில் அவர்களுக்கும் தெரிந்தது. உழவு இயந்திரங்கள் முதலான கமக் கருவிகளுக்காக மாநில சட்டசபை 2017இல் 13.5 கோடி டொலர் ஒதுக்கியபின், சான் வாக்கின் பள்ளத்தாக்கில் ஒரு மாற்றுமுறை பரீட்சித்துப் பார்க்கப்பட்டது. பெரிய கமக்காரருக்குப் புதிய உழவு இயந்திரம். அவர் பாவித்த, ஓரளவு சுத்தமான இயந்திரம் சிறிய கமக்காரருக்கு. சிறியவரிடம் இருந்த மிகப் பழையது உடைப்புக்கு. இரண்டு பேருக்குப் பயன், ஒரு புகைபோக்கி குறைகிறது. இந்தப் பகுதிதான் எமக்கு மிகவும் பிடித்தது.

எந்த மானியப் படிவம் வந்தாலும், எத்தனை வீதம் நாம் போடவேண்டும், எத்தனை வருடம் விற்கமுடியாது, பழையதை என்ன செய்யவேண்டும், நாம் வேறிடம் போகநேர்ந்தால் இயந்திரத்தைக் கொண்டுபோகலாமா என்று கையெழுத்துக்கு முன் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்வி இடம்பெயர்ந்தவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். வாங்கிய பற்றுச்சீட்டை அடையாள அட்டையோடு ஒரே பையில் வையுங்கள். இயந்திரத்துக்கென ஒரு கொப்பி ஒதுக்கி, திகதி, தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், ஊற்றிய எண்ணெய் ஆகிய நான்கையும் இறைப்பு முடிந்த கையோடு எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ஒன்று இருந்தால் வாரக்கடைசியில் கூட்டிப் போட்டுவிடும்.