மூலிகைச் சாரமும் உயிரணுச் சோதனையும்

மூலிகை பயிரிடும் அங்கத்தினர்களிற் சிலர் இலையையும் வேரையும் மூட்டையாக விற்பதோடு நில்லாது, பொடியாகவும் சாரமாகவும் ஆக்கி விற்க விழைகின்றனர். வரவேற்கத் தக்க முயற்சியே. ஆயின், "மனித உயிரணுக்களில் சோதித்ததில் நச்சில்லை, ஆகவே எவரும் அஞ்சாது அருந்தலாம்" என்று உறைமீது அச்சிடலாமா என்னும் கேள்வி அதனுடன் எழுகின்றது. அச்சிடலாகாது என்பதே நம் கருத்து. காரணம் விளங்கச் சோதனை நடைபெறும் முறையை அறிதல் வேண்டும்.

மனித உடலினின்று பெற்ற உயிரணுக்களைச் சத்துநீர் ஊட்டி, உடற்சூடாகிய 37 டிகிரியில் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கின்றனர். இவ்வாறு ஓயாது பெருகிய முதல் மனித உயிரணுக்கள், 1951இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்னும் பெண்மணியின் புற்றுக்கட்டியிலிருந்து எடுக்கப்பட்டவை. அவருடைய இசைவு கேட்கப்படவில்லை என்பது வருந்தத் தக்கது. நம் நாட்டில் புனேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையம் பலவகை உயிரணுக்களைப் பேணி ஆய்வாளர்க்கு வழங்குகின்றது.

96 சிறு குழிகள் கொண்ட தட்டில் உயிரணுக்களை இட்டு, வரிசைக்கு வரிசை அளவை உயர்த்திச் சாரம் சேர்ப்பர். ஒரு வரிசைக்குச் சாரமே இல்லை. ஒப்பு நோக்குதற்கு அது. ஓரிரு நாள் கழித்து, எத்தனை அணுக்கள் பிழைத்தன என்று காண வேண்டும். இங்கேதான் நெசவாளர்க்கு நன்கு பழக்கமான பொருள் துணைக்கு வருகின்றது. அது சாயம். டிரைபான் நீலம் என்பது பருத்தி நூலைப் பற்றும் நேர்ச்சாய வகையைச் சேர்ந்தது. உயிருள்ள அணுவின் மெல்லுறை அதனை உட்புக விடாது. இறந்த அணுவினுள் அது புகுந்து நீலமாக்கிவிடும்.

1983இல் வெளியான மற்றொரு முறையில் எம்.டி.டி. என்னும் மஞ்சள் நிறப் பொருளை ஊற்றுகின்றனர். உயிருள்ள அணு அதனை ஊதாவாக மாற்றும். ஊதாவின் அடர்த்தியைக் கருவியால் அளந்து, பிழைத்தவற்றைக் கணக்கிடுவர். அவுரித் தொட்டியில் மஞ்சட் பச்சையாய்த் தோய்ந்த நூல் காற்றுப் பட்டதும் நீலமாவதை அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. முன்னாளில் செனகல் வரை நீலத் துணி அனுப்பிய புதுவையில் இதனை விரித்துரைக்கவும் வேண்டுவதில்லை. தொட்டியில் காற்றுச் செய்யும் வேலைக்கு நேர்மாறானதை இங்கே உயிரணு செய்கின்றது.

ஆனால் சாயம் ஏமாற்றவும் கூடும். சில செடிகளின் சாரம், உயிரணுவே இல்லாத குழியிலும் எம்.டி.டி.யைத் தானே ஊதாவாக்கிவிடும். அப்போது மடிந்தவையும் பிழைத்தவையாகத் தோன்றும். ஆதலின் சாரம் மட்டும் இட்ட குழியும் தட்டில் இருத்தல் அவசியம். சோதனைக்குப் பணம் செலுத்தும் சங்கம் இதனைக் கேட்டறிதல் நலம். எந்த அளவில் பாதி உயிரணுக்கள் மடிந்தன என்னும் எண்ணையும் அறிக்கையில் தேட வேண்டும். அளவு குறிக்காத "நச்சில்லை" என்னும் சொல்லுக்குப் பொருளே இல்லை.

நிலவேம்புக் குடிநீரை எடுத்துக்கொள்வோம். ஒன்பது சரக்குகள் சேர்ந்த அதனைப் புது டில்லியிலுள்ள பன்னாட்டு மரபணுப் பொறியியல் மையமும் சென்னையின் மத்திய சித்த மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஆய்ந்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டன. உயிரணுவுக்குத் தீங்கு தராத உச்ச அளவை முதலில் வரையறுத்த பின்னரே டெங்கு, சிக்குன்குனியா கிருமிகளின்மேல் அதன் ஆற்றலை நோக்கினர். முறையான வரிசை அது. எனினும் அங்கே சோதிக்கப்பட்டது எத்தனாலில் இறக்கிய சாரம். மக்கள் அருந்துவதோ நீரிற் காய்ச்சியது. நீரில் இறங்கும் பொருள்கள் வேறு, எத்தனாலில் இறங்குபவை வேறு. ஒன்றின் அறிக்கையை மற்றொன்றின் உறைமீது ஒட்டுதல் முறையன்று.

மேலும், தட்டில் வயிறு இல்லை, ஈரல் இல்லை, மாதக்கணக்கில் உண்ணுதலும் இல்லை. 1990 முதல் 1992 வரை பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைப்பதற்காகச் சீன மூலிகைத் தூள் கலந்த மருந்து உண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. நூற்றுக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பெயர் ஒத்திருந்தமையால் வேறொரு செடி கலந்துவிட்டதே காரணம். அச்செடியின் நஞ்சாகிய அரிஸ்டோலோகிக் அமிலம் மெல்லக் கொல்வது. பிற்பாடு புற்றையும் விளைப்பது. இரண்டு நாட் சோதனையில் அது புலப்படாமலே போகலாம். நம் வேலிகளில் படரும் ஈசுவரமூலியும், தரையில் பரவும் ஆடுதின்னாப்பாளையும் அந்தக் குடும்பத்தனவே. அவ்வமிலம் இவற்றிலும் உண்டு. மூட்டையில் இவை தவறிக் கலவாதபடி காப்பது எந்த ஆய்வுக்கூடத்தின் வேலையுமன்று, பறிப்பவரின் வேலை.

ஆகவே, ஆய்வுக்கூடத்திற்குச் சாரம் மட்டும் அனுப்பினாற் போதாது. பூவும் காயுமுள்ள ஒரு கிளையைத் தாளிடை அழுத்தி உலர்த்தி உடன் வைத்தல் வேண்டும். 1955இல் நிறுவப்பட்ட புதுவைப் பிரெஞ்சு நிறுவனத்தில் இவ்வாறு உலர்த்திய செடிகளின் பெருந்தொகுதி பேணப்படுகின்றது. செடியை ஐயமறத் தெரிந்துகொள்ள இத்தகைய தொகுதிகளே ஆதாரம். பறித்த ஊர், மாதம், செடியின் உறுப்பு, சாரம் இறக்கிய நீர்மம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதுக. பூச்சிமருந்து தெளித்திருப்பின் அந்த நாளையும் மறைக்காது குறிக்க. தெளித்த மருந்தால் உயிரணு மடிந்திருக்க, பழி இலைமேல் விழும்.