வலியும் வேண்டாம், பழைய வலையும் வேண்டாம்

கேள்வி: வலி மாத்திரைக்கு அடிமையாகி மீண்ட என் தம்பி, இப்போது புப்ரெனார்ஃபின் எடுத்துக்கொள்கிறான். அடுத்த வாரம் குடலிறக்க அறுவை சிகிச்சை. அந்த மாத்திரையை நிறுத்த வேண்டுமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள், சகோதரி. முன்பெல்லாம் நிறுத்தச் சொன்னார்கள். இன்று பெரும்பாலும் தொடரவே சொல்கிறார்கள். நிறுத்தினால் உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மையோடு பழைய ஏக்கமும் திரும்பிவிடும்.

இந்த மருந்து ஏக்கத்தை ஒரு நாள் முழுக்க அடக்கும். வலியையோ 6 முதல் 8 மணி நேரம்தான் தணிக்கும். அதனால் ஒரு நாள் அளவையே மூன்று, நான்கு வேளையாகப் பிரித்துத் தருவதுண்டு. கூடவே மரத்துப்போகும் ஊசி, பாராசிட்டமால், இபுப்ரோஃபென் போன்றவை உதவும். எது, எவ்வளவு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், மறுவாழ்வு மருத்துவர் மூவரிடமும் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அடிமையாக்கக்கூடிய டபென்டடால், டிரமடால் வலி மாத்திரைகளைக் கடையில் நீங்களாக வாங்கவே கூடாது.

ஒன்று முக்கியம். இப்படிப்பட்ட மாத்திரைகளை நெடுநாள் எடுத்த உடம்புக்கு வலி கூடுதலாகவே உறைக்கலாம். தம்பி வலிக்கிறது என்றால், நடிக்கிறான் என்று நினைக்காமல் நம்புங்கள்.