சுவரில் ஏறும் கேபிள்

டிஷ் ஆன்டெனாவிலிருந்து வீட்டுக்குள் வரும் கறுப்புக் கேபிளை மாணவர்கள் தினமும் பார்க்கிறார்கள். கடத்தி, காப்பான் பாடத்துக்கு அதன் வீணான துண்டு ஒன்றே போதும். ஆசிரியர் குறுக்கே வெட்டிக் காட்டலாம்: நடுவில் சுமார் 1 மி.மீ. கம்பி, சுற்றிலும் வெள்ளை நுரைக் காப்பு, அதன்மேல் உலோகத் தாளும் பின்னலும், வெளியே கறுப்பு உறை. பின்னல் எதற்கு? வெளியிலிருந்து வரும் மின்காந்த இரைச்சலைத் தடுக்க.

சுவரில் கிளிப் அடிக்கும்போது கேபிளை நசுக்கக் கூடாது. கம்பிக்கும் பின்னலுக்கும் உள்ள இடைவெளி மாறினால், கேபிளுக்குரிய 75 ஓம் மின்மறுப்பும் அந்த இடத்தில் மாறும். அலையின் ஒரு பகுதி திரும்பிவிடும்.

மேலிருந்து வரும் கேபிளை நேரே துளைக்குள் விட்டால் மழைநீரும் கூடவே உள்ளே வரும். துளைக்குக் கீழே தொங்கவிட்டு மேலேற்றினால் நீர் அடிவளைவிலேயே சொட்டிவிடும். எல்லா வகுப்பினரும் விரும்பும் பகுதி இதுதான். இரண்டு கம்பளி நூல்களை நனைத்து, ஒன்றைச் சரிவாகவும் மற்றொன்றை வளைவாகவும் பிடித்து, மேல்முனையில் நீர் ஊற்றச் சொல்லுங்கள்.

வீட்டில் கேபிளைக் கவனிக்கச் சொல்லும் முன் ஓர் எச்சரிக்கை அவசியம். அறுந்து தொங்கும் கேபிளைத் தொடவே கூடாது. எங்கோ அது மின்கம்பியை உரசிக்கொண்டிருந்தால், அதே பின்னல் வழியே மின்சாரம் பாயும்.