மலையில் எதை நடுவது, எதைப் பிடுங்குவது?

நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்றாலே மரம் நடுதல் என்று எண்ணுகிறோம். கொடைக்கானல் வேறு பாடம் சொல்கிறது. பழனி மலைத்தொடரின் மேடுகளில் இயற்கையாக அமைந்தவை புல்வெளிகள், பள்ளங்களில் சோலைக்காடுகள். இவை மழைநீரைத் தேக்கி, வைகைக்கும் அமராவதிக்கும் செல்லும் ஓடைகளில் மெல்லக் கசியவிடுகின்றன. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் நடப்பட்ட ஆஸ்திரேலிய வாட்டில் மரம் பெருகிப் புல்வெளிகளை விழுங்கியது. 12 ஆண்டுகளுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சி 2018இல் பூத்தபோது, அதற்கு எஞ்சியிருந்த இடம் குறைவே.

ஆகவே, அங்குச் செல்லும் மாணவர் வாட்டில் கன்றுகளைப் பிடுங்குவதே தொண்டு என்பேன். 2013இல் அறிவிக்கப்பட்ட வனவிலங்கு சரணாலயம் அது. வனத்துறையின் இசைவு பெற்றே இறங்க வேண்டும். காட்டைப் பற்றிப் பளியர் பெரியவர்களிடம் கேட்டறிவோம். பூம்பாறையில் பூண்டு பயிரிடும் உழவரோடு ஒருநாள் உழைப்போம். கற்பிக்க அன்று, கற்கவே மலையேறுவோம்.