சிங்கைச் சின்னங்களும் நம் ஊர்க் கண்மாய்களும்



எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து சில வண்ணப்படங்களை அனுப்பியிருந்தார். சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்டு நீர் உமிழும் மெர்லயன் சிலை, விண்ணை நோக்கி நிற்கும் செயற்கை மரங்கள், கடலோரத்தில் நீண்டதொரு பாலம் ஆகியவை அவற்றில் இருந்தன. நாங்கள் வியந்து நின்றபோது, "வியந்தால் மட்டும் போதுமா? இவை எதற்காகக் கட்டப்பட்டன என்று கேட்க வேண்டாமா?" என்றார் எங்கள் புவியியல் ஆசிரியை. கேட்டோம், தேடிப் படித்தோம். அறிந்தவற்றை உங்களுக்கும் சொல்லுகிறோம்.

தாகம் தந்த பாடம்

சிங்கப்பூர் நமக்கு அந்நியமான நாடு அன்று. அங்கே தமிழும் ஆட்சி மொழி. 1827-இல் தோன்றிய மாரியம்மன் கோயிலும், 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காக எழுந்த லூர்து அன்னை ஆலயமும் நம்மவர் அங்கு வேரூன்றியதற்குச் சான்றுகள்.

அத்தீவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. மதுரையில் பெய்வதோ அதில் பாதிக்கும் குறைவு. ஆயினும் தண்ணீருக்குத் தவித்தது சிங்கப்பூரே! நீரைத் தேக்கப் போதிய இடமில்லாததால் பெய்த மழை விரைந்து கடலில் கலந்தது. 1963-இல் மாதக்கணக்கில் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். மலேசியாவின் ஜொகூரிலிருந்து நீர் பெறுவதற்கான 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தமும் 2061-இல் முடிகிறது. ஆகவே, வானம் தரும் துளியைச் சேர்க்கத் துணிந்தார்கள்.

பாலமன்று, அணை!

படத்தில் நாங்கள் பாலம் என்று எண்ணியது 2008-இல் திறக்கப்பட்ட மரீனா அணை. அதன் நீளம் 350 மீட்டர். நாட்டின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழை இங்கு வந்து சேர்கிறது. பெருமழை பெய்யும்போது கடல்மட்டம் தாழ்ந்திருந்தால் ஒன்பது இரும்புக் கதவுகளைத் தாழ்த்தி வெள்ளத்தை வெளியேற்றுகிறார்கள். கடல் ஏறியிருந்தால் ஏழு பெரிய பம்புகள் அவ்வேலையைச் செய்கின்றன. மெர்லயன் சிலை இன்று நீர் உமிழ்வது கடலில் அன்று, நன்னீர்த் தேக்கத்தில்!

ஆனால், ஆறு நாறினால் அணை கட்டி என்ன பயன்? பன்றிப் பண்ணைகளின் கழிவும் குப்பையும் நிறைந்திருந்த சிங்கப்பூர் ஆற்றை 1977 முதல் 1987 வரை பத்தாண்டுகள் பாடுபட்டுத் தூய்மை செய்தார்கள். அதன் பின்னரே அணை சாத்தியமாயிற்று.

வெப்பத்திற்கு எதிராக

உலகம் வெப்பமடைந்து கடல்மட்டம் உயர்ந்தால் தாழ்வான தீவு என்னாகும்? இந்தக் கவலையும் அவர்களுக்கு உண்டு. 2012-இல் திறக்கப்பட்ட கரையோரப் பூந்தோட்டத்தின் செயற்கை மரங்கள் சிலவற்றின் உச்சியில் சூரிய மின்தகடுகள் உள்ளன. டெங்கே நீர்த்தேக்கத்தின்மேல் 2021 முதல் 1,22,000 தகடுகள் மிதந்தபடி மின்சாரம் தருகின்றன. கரியமிலவாயுவை மிகுதியாக வெளியிடும் ஆலைகளுக்கு 2019 முதல் வரி உண்டு.

குறையும் இல்லாமல் இல்லை. அந்நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் எரிவாயுவிலிருந்தே கிடைக்கிறது. பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அங்கே இயங்குகின்றன. முயற்சியைப் போற்றும் நாம் இதனையும் மறைக்கலாகாது.

நம்மிடம் இல்லையா?

மழையைத் தேக்கும் கலையைக் கற்க நாம் கப்பலேற வேண்டியதில்லை. கரை கட்டி, மடை வைத்து, மிகுந்த நீர் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்குப் போக வழிசெய்தவர்கள் நம் முன்னோர். மரீனா அணையின் இரும்புக் கதவு செய்வதும் கலுங்கின் வேலைதானே! திருமலை நாயக்கர் அமைத்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்திற்கு வைகை நீர் பனையூர்க் கால்வாய் வழியே வருகிறது. அவ்வழி அடைபட்ட காலத்தில் குளம் வறண்டு, பிள்ளைகள் பந்தாடும் திடலாயிற்று. கால்வாய் சீரானதும் குளத்தில் மீண்டும் நீர் வந்தது. 2024 அக்டோபரில் சிறிது நேரம் கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாய் பெருகித் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. வரும் வழியும் போகும் வழியும் திறந்திருந்தால்தான் குளம் குளமாக இருக்கும்.

"உங்கள் தெருவில் பெய்யும் மழை எந்தக் கண்மாய்க்குப் போகிறது?" என்று ஆசிரியை கேட்டபோது எங்களுள் பலருக்கு விடை தெரியவில்லை. சிங்கப்பூர் அணைக்கு எத்தனை கதவுகள் என்று அறிந்த நாங்கள் நாணித் தலைகுனிந்தோம். அன்று மாலையே வீட்டில் பாட்டியரைக் கேட்டோம். கண்மாய்ப் பெயர்களும் வாய்க்கால் சென்ற வழிகளும் அவர்கள் நினைவில் இருந்தன. அவற்றை இப்போது ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறோம்.

தோழியரே, உங்கள் தெருவின் மழைநீர் எங்கே போகிறது? கேட்டு வந்து சொல்லுங்கள். எங்கள் குறிப்பேட்டில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன.