காலா, உயிரா? யார் முடிவு செய்வது?

அறுவை சிகிச்சைக்கு முன் நோயாளியிடம் ஒப்புதல் கையெழுத்து வாங்குவார்கள். இதை வெறும் சடங்கு என்றே பலர் எண்ணுகிறார்கள். ஆனால் நோயாளி "வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் மருத்துவர் என்ன செய்வது? நோயாளிக்கு மனநோயும் இருந்தால்? உண்மையில் நடந்த இரண்டு வழக்குகளைக் கொண்டு இதை ஆராய்வோம்.

முதல் வழக்கு

இங்கிலாந்தில் பிராட்மூர் என்னும் இடத்தில் பலத்த காவலுடைய மனநல மருத்துவமனை உள்ளது. அங்கே மனச்சிதைவு நோயுடன் 68 வயதான ஒருவர் இருந்தார். தாம் ஒரு பெரிய மருத்துவர் என்று அவர் நம்பினார். 1993-ஆம் ஆண்டில் அவருடைய பாதத்தில் தசையழுகல் நோய் கண்டது. இரத்த ஓட்டம் தடைப்பட்டால் திசுக்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. அவை இறந்து அழுகும். அழுகல் பரவினால் உயிர் போகும்.

முழங்காலுக்குக் கீழே காலை எடுக்காவிட்டால், பிழைக்கும் வாய்ப்பு 15 சதவீதமே என்றார் அறுவை மருத்துவர். நோயாளி மறுத்தார். ஒரு காலுடன் வாழ்வதைவிட இரு கால்களுடன் இறப்பதே மேல் என்பது அவர் முடிவு. காலை எடுக்காமல் செய்யும் சிகிச்சைக்கு மட்டும் இணங்கினார். உடனடி ஆபத்தும் நீங்கியது. ஆனால் இனி ஒருபோதும் காலை எடுக்கமாட்டோம் என்று உறுதி தர மருத்துவமனை மறுத்தது. அவர் நீதிமன்றம் சென்றார்.

நீதிபதி தார்ப் மூன்று கேள்விகளை எழுப்பினார். சிகிச்சை பற்றிய செய்தியை நோயாளி புரிந்து மனத்தில் கொள்கிறாரா? அதை நம்புகிறாரா? நன்மை தீமைகளைச் சீர்தூக்கிப் பார்க்கிறாரா? மனநோய் இருந்தபோதிலும், தம் காலைப் பற்றி இம்மூன்றையும் அவரால் செய்ய முடிந்தது. எனவே அவருடைய எழுத்து மூலமான ஒப்புதல் இன்றிக் காலை எடுக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று.

இரண்டாம் வழக்கு

அமெரிக்காவின் டென்னசி மாநிலம், 1978-ஆம் ஆண்டு. 72 வயதான ஒரு மூதாட்டிக்குக் கடுங்குளிரால் இரு பாதங்களும் அழுகிவிட்டன. மற்ற எல்லாவற்றையும் பற்றி அவர் தெளிவாகப் பேசினார். ஆனால் பாதங்கள் கறுத்திருப்பது அழுக்கினால்தான் என்று சாதித்தார். வாழவும் விரும்பினார், பாதங்களையும் இழக்க விரும்பவில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை இருப்பதையே அவர் ஏற்கவில்லை. இந்த ஒரு பொருளில் அவருக்குத் தீர்மானிக்கும் திறன் இல்லை என்று நீதிமன்றம் கூறியது. ஆயினும் அறுவை சிகிச்சை நடைபெறவில்லை; அவ்வாண்டே அவர் இறந்தார்.

இரண்டையும் ஒப்பிடுவோம்

மனநோய் உள்ளவருக்குத் திறன் இருந்தது. தெளிவாகப் பேசியவருக்கு இல்லை. ஏன்? தீர்மானிக்கும் திறன் என்பது ஆளைப் பொறுத்த முத்திரை அன்று. குறிப்பிட்ட நேரத்தில், குறிப்பிட்ட முடிவைப் பொறுத்து அதை அளக்க வேண்டும். முதலாமவர் இறக்க நேரலாம் என்பதை ஒப்புக்கொண்ட பிறகே மறுத்தார். மூதாட்டியோ உண்மை நிலையையே காணவில்லை.

பிறர் கண்ணுக்கு ஒரு முடிவு தவறாகத் தோன்றலாம். அது மட்டுமே திறனின்மைக்குச் சான்றாகாது. இங்கிலாந்தின் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. முடிவை வாயால்தான் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை, சைகையும் போதும்.

இதனால் மருத்துவரின் கடமை குறைந்துவிடவில்லை, கூடுகிறது. நோயாளிக்குப் புரியும் மொழியில், அச்சுறுத்தாமல், பொறுமையாக விளக்கியாக வேண்டும். விளக்காமல் வாங்கிய கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

சிந்தித்துப் பாருங்கள்

1. விபத்தில் நினைவிழந்து கிடப்பவரிடம் ஒப்புதல் பெற இயலாது. மருத்துவர் என்ன செய்ய வேண்டும்?

2. கடும் காய்ச்சலில் பிதற்றும் ஒருவர் ஊசி வேண்டாம் என்கிறார். காய்ச்சல் தணிந்தபின் மீண்டும் கேட்பது ஏன் அவசியம்?

3. அந்த மூதாட்டியின் பேரப்பிள்ளையாக நீங்கள் இருந்திருந்தால், அவருக்கு எப்படி விளக்கியிருப்பீர்கள்?